வாங்கிய புத்தகத்தை நாலு பேருக்குச் சொல்வது எப்படி: கொழும்பு வாசகர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

தெஹிவளையில் ஒரு நண்பர் வீட்டுக்குப் போயிருந்தபோது அவருடைய அலுமாரியில் ஒரு மெல்லிய கவிதைத் தொகுதியைக் கண்டேன். இரண்டு வருஷமாகக் கடை கடையாக நான் கேட்டுத் திரிந்த புத்தகம். "இதை எப்ப வாங்கினீங்கள், அண்ணை?" என்றேன். "வெளியீட்டு விழா முடிஞ்ச கிழமையே வாங்கிட்டன். அப்ப கடையில இன்னும் அஞ்சாறு கிடந்தது," என்றார். நாங்கள் இருவரும் ஒரே வட்ஸ்அப் குழுவில் இருக்கிறோம். மாதம் ஒருமுறையாவது சந்திக்கிறோம். ஒரு வரி சொல்லியிருந்தால் அன்றே ஓடிப்போய் வாங்கியிருப்பேன். புத்தகம் வாங்கியதைப் போய்ச் சொல்வதா என்று பேசாமல் இருந்துவிட்டார்.

இலங்கையில் ஒரு தமிழ்ப் புத்தகம் பெரும்பாலும் முந்நூறு, ஐந்நூறு பிரதிகள்தான் அச்சாகிறது. அதில் ஒரு பங்கு வெளியீட்டு விழாவிலேயே போய்விடும். இன்னொரு பங்கு லீவுக்கு வந்த சொந்தக்காரரின் பெட்டியில் ஏறிக் கனடாவுக்கோ லண்டனுக்கோ போகும். கடைக்கு வந்துசேருவது கொஞ்சம். மறுபதிப்பு வருமா என்று எழுதியவருக்கே தெரியாது. ஆகவே ஒருவர் புத்தகம் வாங்கினார் என்பது இங்கே ஒரு செய்தி. அதைக் கெதியாகச் சொல்ல வேண்டும், கேட்பவர் தானும் போய் வாங்கக்கூடிய விதத்தில் சொல்ல வேண்டும். அதற்கு நான் இப்போது செய்வதை ஆரம்பத்திலிருந்து எழுதுகிறேன்.

கடையை விட்டு இறங்குமுன்

காசைக் கொடுத்ததும் ஒரு கேள்வி கேளுங்கள்: "இது இன்னும் எத்தனை பிரதி இருக்கு?" பெரும்பாலான கடைக்காரர்கள் தட்டைத் திரும்பிப் பார்த்துச் சொல்லிவிடுவார்கள். "இதுதான் கடைசி" என்றால் அதுவும் தகவல்தான். அப்படியானால் வேறு கிளையில் கிடக்குமா, பதிப்பாளரிடம் கேட்டால் வருமா என்று அடுத்த கேள்வியையும் கேட்டுவிடலாம். நீங்கள் சொல்லப்போகும் செய்தியில் மற்ற வாசகர்களுக்கு ஆக உதவப்போவது இந்தப் பதில்தான்.

பிறகு பற்றுச்சீட்டு. இப்போதெல்லாம் அதில் உள்ள எழுத்து சில மாதங்களில் மங்கி வெறும் வெள்ளைத் தாளாகிவிடுகிறது. அதனால் புத்தகத்தின் பின் அட்டை உள்பக்கத்தில், மூலையில், பென்சிலால் மூன்று விஷயங்களைக் குறித்து வைக்கிறேன்: திகதி, கடை, கொடுத்த விலை. பேனையால் எழுதாதீர்கள். நம் ஊர்ப் புத்தகங்களின் தாளில் மை அடுத்த பக்கத்துக்கும் ஊறிவிடும்.

எங்கே வாங்கினீர்கள் என்பதைப் பொறுத்துக் குறிக்க வேண்டியதும் மாறும்.

வெள்ளவத்தையில் காலி வீதிக் கடைகளிலோ, செட்டியார் தெருவில் நகைக்கடைகளின் நடுவே இருக்கும் பூபாலசிங்கம் புத்தகசாலையிலோ வாங்கினால் கடையின் பெயர் போதும். மற்றவர்களும் வழி அறிந்தவர்கள்தான். வெள்ளவத்தையிலிருந்து 100, 101 பஸ்ஸில் ஏறினால் புறக்கோட்டை, அங்கிருந்து ஒரு நடை.

மருதானைப் பக்கம் டி.ஆர். விஜேவர்தன மாவத்தையோரப் பழைய புத்தகக் கடைகளில் வாங்கினால் கதை வேறு. அங்கே உங்களுக்குக் கிடைத்தது ஒரேயொரு பிரதி. இன்னொருவர் போனால் அது இருக்காது. எனவே புத்தகத்தின் நிலையைச் சொல்லுங்கள்: அட்டை இருக்கிறதா, பக்கம் ஏதும் குறைகிறதா, பழைய சொந்தக்காரர் கோடு போட்டிருக்கிறாரா. அதோடு அந்தக் கட்டில் வேறு என்ன தமிழ்ப் புத்தகங்கள் கிடந்தன என்று நாலு பெயர் சொன்னால் மிகப் பெரிய உதவி. நீங்கள் வாங்காமல் விட்ட ஒன்றுக்காக இன்னொருவர் அடுத்த சனிக்கிழமையே போவார். எங்கள் குழுவில் இப்படி இரண்டு தடவை நடந்திருக்கிறது.

புத்தகக் கண்காட்சி என்றால், வருஷாவருஷம் செப்டெம்பரை ஒட்டிப் பௌத்தாலோக மாவத்தையிலுள்ள பண்டாரநாயக்க ஞாபகார்த்த சர்வதேச மாநாட்டு மண்டபத்தில் நடக்கும் கொழும்பு சர்வதேசப் புத்தகக் கண்காட்சிதான் நமக்கு முதலில் நினைவுக்கு வரும். அங்கே கடை இலக்கத்தைக் குறித்து வைப்பதில் பலன் கண்காட்சி முடியும்வரைதான். அதற்குப் பிறகும் தேவைப்படுவது பதிப்பாளரின் முகவரியும் தொலைபேசி இலக்கமும். முதல் நாளோ இரண்டாம் நாளோ போனவர்கள் அன்றிரவே சொல்லிவிடுங்கள், மற்றவர்கள் கடைசி நாளுக்கு முன் போகலாம். அங்கே சிங்களக் கடைகளே அதிகம். சிங்களத்திலிருந்து தமிழுக்கு வந்த மொழிபெயர்ப்பையோ, தமிழிலிருந்து சிங்களத்துக்குப் போன ஒன்றையோ கண்டால் அதைக் கட்டாயம் சொல்லுங்கள். அந்தப் புத்தகங்கள் எந்தத் தட்டில் இருக்கின்றன என்று கண்டுபிடிப்பதே பாதி வேலை.

கடைசியாக வெளியீட்டு விழா. இங்கே சில விழாக்களில் விலை சொல்ல மாட்டார்கள். ஒரு கடித உறையில் உங்களால் முடிந்ததை வைத்துக் கொடுப்பீர்கள், பிரதி கைக்கு வரும். கொழும்புத் தமிழ்ச் சங்கத்தில் நடந்த ஒரு விழாவுக்குப் பிறகு, உறைக்குள் தான் வைத்த தொகையையே விலையென்று ஒருவர் எங்கள் குழுவில் எழுதிவிட்டார். 250 ரூபா விலை அச்சிட்டிருந்த சின்னப் புத்தகத்துக்கு அது 2000 ரூபாவாகத் தெரிந்தது. இரண்டு பேர் "அவ்வளவு விலையா" என்று விட்டுவிட்டார்கள். உறையில் கொடுத்தது எழுத்தாளருக்கு நீங்கள் செய்த மரியாதை, அது உங்களோடு இருக்கட்டும். புத்தகத்தில் அச்சிட்ட விலையை மட்டும் சொல்லுங்கள். விலை அச்சிடவில்லையென்றால் அதைச் சொல்லி, கடைக்கு வருமா என்று எழுத்தாளரிடமே கேட்டுப் போடுங்கள்.

வீட்டுக்கு வந்ததும் பதிப்புப் பக்கத்தைத் திறவுங்கள்

பலர் இந்தப் பக்கத்தைப் பார்ப்பதேயில்லை. தலைப்புப் பக்கத்தின் பின்புறம், சின்ன எழுத்தில், புத்தகத்தின் பிறப்புச் சான்றிதழே அங்கே இருக்கிறது. முதற்பதிப்பா, இரண்டாம் பதிப்பா, எந்த மாதம், எந்த வருஷம், யார் பதிப்பித்தது, எங்கே அச்சானது, எத்தனை பக்கம்.

அங்கேயே ஐ.எஸ்.பி.என். இலக்கமும் இருக்கும். பதின்மூன்று இலக்கங்கள், 978 என்று தொடங்கும். அதற்கு அடுத்து வருவதைப் பாருங்கள். 955 அல்லது 624 என்றால் இலங்கையில் பதிவான பதிப்பு. 81 அல்லது 93 என்றால் இந்தியப் பதிப்பு. இது ஏன் முக்கியம்? நம் எழுத்தாளர்கள் பலரின் புத்தகங்கள் தமிழ்நாட்டில் வெளியாகின்றன. சிலவேளை ஒரே நூல் இங்கே ஒரு பதிப்பாகவும் அங்கே ஒரு பதிப்பாகவும் இருக்கும். அட்டை வேறு, விலை வேறு, ஒன்றில் முன்னுரைகூட வேறாக இருக்கலாம். நீங்கள் 624 பிரதியைப் பற்றிச் சொல்ல, கேட்டவர் 93 பிரதியை வாங்கிவந்து "நீங்கள் சொன்ன அந்தக் கட்டுரை இதில் இல்லையே" என்பார். பழைய புத்தகத்தில் இலக்கமே இருக்காது. அப்போது அச்சகத்தின் பெயரையும் வருஷத்தையும் சொன்னால் தேடுபவருக்கு ஒரு பிடி கிடைக்கும்.

எழுத்தாளர் பெயரை அட்டையில் உள்ளபடியே, தலைப்பெழுத்துகளோடு எழுதுங்கள். நம்மிடையே ஒரே பெயரில் இரண்டு மூன்று பேர் எழுதுகிறார்கள். பலசமயம் அந்த ஒற்றைத் தலைப்பெழுத்துத்தான் ஒருவரை மற்றவரிடமிருந்து பிரித்துக் காட்டுகிறது.

படம்

இதில் அதிகம் மினக்கெட வேண்டாம். யன்னலோரம், பகல் வெளிச்சம், பிளாஷ் இல்லாமல். மினுங்கும் அட்டையென்றால் கொஞ்சம் சாய்த்துப் பிடியுங்கள். முன் அட்டை, பின் அட்டை, பொருளடக்கம் ஆகிய மூன்று படங்கள் போதும். பொருளடக்கத்தை எடுக்கும்போது புத்தகத்தை நசுக்கி விரிக்காதீர்கள். புதுப் புத்தகத்தின் பசை பிட்டுப்போனால் பக்கங்கள் ஒவ்வொன்றாகக் கையோடு வரும்.

பொருளடக்கத்துக்கு மேல் போகக் கூடாது என்பதில் நான் கறாராக இருக்கிறேன். ஒரு முழுக் கதையைப் படமெடுத்துப் போடுவதும், பிடிஎஃப் ஆக்கிச் சுற்றுக்கு விடுவதும் எழுதியவரின் வயிற்றில் அடிப்பது. நம் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி ஒரு படைப்பின் உரிமை எழுத்தாளரின் ஆயுட்காலம் முழுவதும், அதன்பின் 70 வருஷமும் இருக்கிறது. சட்டத்தை விடுங்கள். முந்நூறு பிரதி போட்டு நூற்றைம்பதை வீட்டில் அடுக்கி வைத்திருக்கும் மனிதரை நாளைக்கு ஒரு கூட்டத்தில் நேருக்கு நேர் பார்க்கப்போகிறோம். பிடித்த ஒரு பந்தி, ஒரு சின்னக் கவிதை, அதோடு நிறுத்துங்கள். பதிப்பில் இல்லாத பழைய நூலொன்றை யாராவது கேட்டால் நூலகம் நிறுவனத்தின் எண்ணிம நூலகத்தில் தேடிப் பார்க்கச் சொல்லுங்கள். 2005இலிருந்து இலங்கைத் தமிழ் நூல்களையும் சஞ்சிகைகளையும் அவர்கள் ஆவணப்படுத்தி வருகிறார்கள்.

எழுத வேண்டியது

படத்தை மட்டும் போட்டுவிட்டு ஒரு பூவை ஒட்டிவிட்டுப் போவதுதான் நாம் பொதுவாகச் செய்வது. மூன்று மாதம் கழித்து யாராவது அந்தப் புத்தகத்தைத் தேடினால் கிடைக்காது, ஏனென்றால் வட்ஸ்அப்பின் தேடல் செய்தியில் எழுதியதைத்தான் பார்க்கும். அதனால் தலைப்பையும் எழுத்தாளர் பெயரையும் தட்டச்சு செய்யுங்கள், தமிழில், எழுத்துப்பிழை இல்லாமல்.

நான் அனுப்பும் செய்தி அநேகமாக இப்படி இருக்கும். தலைப்பும் பெயரும் முதல் வரியில் வரும், அவற்றை இங்கே விட்டுவிடுகிறேன்:

"சிறுகதைகள், பதினொன்று. 136 பக்கம், முதற்பதிப்பு, இலங்கைப் பதிப்பு. அச்சிட்ட விலை 800 ரூபா, விலைக்கழிவு போக 720 கொடுத்தேன். வெள்ளவத்தையில் நேற்றுப் பின்னேரம் வாங்கினேன், இன்னும் நாலு பிரதி இருக்கிறது. இன்னும் முழுதாக வாசிக்கவில்லை. பஸ்ஸில் முதல் கதையை வாசித்தேன்: கொட்டாஞ்சேனையில் வாடகை வீடு மாறும் ஒரு குடும்பம், சாமான் ஏற்றும் லொறிக்குக் காத்திருக்கும் ஒரு காலைப்பொழுது, அவ்வளவுதான் கதை. அந்த அம்மா அம்மிக்கல்லை விட்டுப்போவதா கொண்டுபோவதா என்று யோசிக்கும் இடத்துக்காகவே மிச்சத்தை வாசிக்கப் போகிறேன்."

இதில் இரண்டு இடங்களை நான் எப்போதும் விடுவதில்லை. ஒன்று, "இன்னும் முழுதாக வாசிக்கவில்லை". வாங்கியது வேறு, வாசித்தது வேறு. வாசிக்காததை "அருமையான நூல்" என்று சொல்லப்போய், அதை நம்பி ஒரு தங்கச்சி தன் மாதக் காசில் வாங்கிவிட்டால் அந்தப் பழி நம்மேல். மற்றது, ஏன் வாங்கினேன் என்ற ஒரே ஒரு உண்மையான காரணம். அம்மிக்கல் மாதிரி கையில் பிடிக்கக்கூடிய ஒன்று. "சமூகத்தின் அவலத்தைப் பேசும் படைப்பு" என்று எழுதினால் யாருக்கும் எந்தப் புத்தகமும் ஞாபகம் வராது.

விலையைப் பற்றி இன்னும் கொஞ்சம். சென்னையிலிருந்து வரும் புத்தகங்களின் பின் அட்டையில் இந்திய ரூபாய் இருக்கும், கடைக்காரர் அதன்மேல் இலங்கை விலை ஒட்டியிருப்பார். 2022இல் ஒரு டொலர் 200 ரூபாவிலிருந்து 360 வரை ஏறியபோது இந்த ஒட்டுகள் மாதத்துக்கு மாதம் மாறின. அந்த வருஷம் தாள் தட்டுப்பாட்டால் மேல் மாகாணப் பாடசாலைப் பரீட்சைகளே தள்ளிப்போனது நினைவிருக்கும். அதற்குப் பிறகு நம்மில் பலருக்குப் புத்தகம் என்பது யோசித்து வாங்கும் பொருளாகிவிட்டது. ஆகவே இந்திய விலை, ஒட்டிய விலை இரண்டையும் சொல்லுங்கள். ஒரு கடையில் பழைய ஒட்டு மாறாமல் கிடக்கும் பிரதி அகப்பட்டால் அதைச் சொல்வது பெரிய புண்ணியம்.

ஒன்றை மட்டும் சொல்லாதீர்கள்: மொத்தம் எவ்வளவு செலவழித்தீர்கள் என்பதை. கண்காட்சியால் இரண்டு பை நிறைய வாங்கிவந்து மேசையில் கோபுரம்போல அடுக்கிப் படமெடுத்துப் போட்டால் பார்ப்பவருக்கு ஒரு தலைப்பும் மனதில் நிற்காது. வாங்க முடியாமல் இருப்பவருக்கு அது வலிக்கவும் செய்யும். ஒரு நாளைக்கு இரண்டு, மிஞ்சினால் மூன்று. கடையில் பிரதி குறைவாக இருப்பதை முதலில் சொல்லுங்கள். பத்து நாளைக்கு இழுத்தாலும் பரவாயில்லை, ஒவ்வொன்றைப் பற்றியும் யாராவது பேசுவார்கள்.

நேரில்

வட்ஸ்அப்பில் எவ்வளவு எழுதினாலும் புத்தகத்தைக் கையில் வாங்கிப் புரட்டுவதற்கு ஈடாகாது. எங்கள் கூட்டம் போயா தினப் பின்னேரங்களில், ஒருவர் வீட்டு முன்னறையில். எல்லாருக்கும் விடுமுறை, வீதியில் நெரிசலும் குறைவு. எட்டுப் பேருக்கு மேல் வந்தால் இரண்டு கூட்டமாகப் பிரிந்து பேசத் தொடங்கிவிடுவோம், அதனால் எட்டோடு நிறுத்திக்கொள்கிறோம்.

ஒருவர் மூன்று புத்தகம் கொண்டுவரலாம். முறை வந்ததும் ஒன்றைக் கையில் எடுத்து, எங்கே எப்படிக் கிடைத்தது என்ற கதையைச் சொல்லி, அதிலிருந்து ஒரு பக்கம் வாய்விட்டு வாசிக்க வேண்டும். விமர்சனம் வேண்டாம், அதற்கு வேறு நாள் இருக்கிறது. வாசித்து முடித்ததும் புத்தகம் இடப்பக்கமிருந்து ஒவ்வொரு கையாகச் சுற்றி வரும். அந்த நேரம் அறை அமைதியாகிவிடும். ஒருவர் பின் அட்டையைப் பார்ப்பார், ஒருவர் சமர்ப்பணம் யாருக்கென்று பார்ப்பார். ஓய்வுபெற்ற ஒரு மாஸ்டர் வருவார், அவர் மட்டும் புத்தகத்தை முகத்தருகே கொண்டுபோய் மணந்துவிட்டுத்தான் திறப்பார். பிறகு எங்கோ நடுவில் ஒரு பக்கத்தை எடுத்து, "பிள்ளை, இந்தச் சொல்லு எங்கட அப்பாச்சி சொல்றது," என்பார். அதற்குப் பிறகு அரை மணித்தியாலம் அந்தச் சொல்லைப் பற்றியே போகும். போகட்டும் என்று விட்டுவிடுங்கள்.

பிளேன்ரீயும் வடையும் புத்தகச் சுற்று முடிந்த பிறகு. வடை எண்ணெய் பட்ட விரலடையாளம் ஒரு தடவை பட்டால் போகாது.

வீடு சிறிதென்றால் பொது இடம் பார்க்கலாம். வெள்ளவத்தை 57ஆம் ஒழுங்கையில் உள்ள கொழும்புத் தமிழ்ச் சங்கம் 1942இல் தொடங்கியது, அங்கே நூலகமும் இருக்கிறது. முன்கூட்டியே கேட்டு, அவர்கள் நிகழ்ச்சிகளுக்கு இடைஞ்சல் இல்லாமல் வைத்துக்கொள்ளுங்கள்.

இரவல்

காட்டினால் கேட்பார்கள். அதற்கு ஆயத்தமாகவே காட்ட வேண்டும். ஒரு கொப்பி வையுங்கள்: புத்தகம், வாங்கியவர், கொடுத்த திகதி, வந்த திகதி. கேட்பவர் முன்னாலேயே எழுதுங்கள். நெருங்கியவர்களிடம் இப்படி எழுத ஆரம்பத்தில் எனக்குக் கூச்சமாகத்தான் இருந்தது. இப்போது அவர்களே "என்ர பெயரை எழுதிட்டீங்களோ?" என்று கேட்கிறார்கள். ஒருமுறைக்கு ஒரு புத்தகம், அடுத்த போயாவுக்குள் திரும்ப வேண்டும். கையெழுத்திட்ட பிரதியையும், இனிக் கிடைக்காத பிரதியையும் வீட்டில் வைத்தே வாசிக்கக் கொடுக்கலாம். "தர ஏலாது, வந்து இருந்து வாசியுங்கோ" என்று சொல்வதில் தவறில்லை.

திரும்பி வரும் புத்தகத்தை உடனே அலுமாரியில் செருகாதீர்கள். கடலோரத்தில் இருக்கும் எங்கள் பக்கத்தில் ஈரக்காற்றுக்குப் பூஞ்சணம் சீக்கிரம் பிடிக்கும். ஒரு நாள் காற்றோட்டமான இடத்தில் நிமிர்த்தி வைத்து, காய்ந்த துணியால் துடைத்து வையுங்கள். நேரடி வெயில் வேண்டாம், அட்டை வளைந்துவிடும். பொலித்தீன் உறையும் நம் காலநிலைக்கு நல்லதல்ல, ஈரம் உள்ளேயே தங்கிவிடும்.

சொன்ன பிறகு செய்ய வேண்டியவை

நீங்கள் சொன்ன புத்தகத்தை மூன்று பேர் வேண்டுமென்றால், புறக்கோட்டைக்குப் போகிற ஒருவர் மூன்றையும் வாங்கிவரட்டும். மொத்தமாக வாங்கும்போது விலைக்கழிவு கேட்கலாம், ஆனால் எழுத்தாளரிடம் நேரே வாங்கினால் கேட்காதீர்கள். காசை முதலில் சேர்த்துக் கொடுங்கள். எங்கள் குழுவில் ஒரு அக்கா எல்லாருக்கும் தன் கைக்காசில் வாங்கிவந்து, கேட்கக் கூச்சப்பட்டு இரண்டு மாதம் பேசாமலே இருந்தார். தெரிய வந்தபோது எங்களுக்குப் பெரிய வெட்கமாகிப் போனது.

வாசித்து முடித்ததும் பழைய செய்தியைத் தேடி எடுத்து அதற்கே பதிலாக இரண்டு வரி போடுங்கள். பிடிக்கவில்லையென்றால் அதையும் காரணத்தோடு எழுதுங்கள். ஏற்கெனவே உள்ள புத்தகத்தை மறந்து இன்னொரு பிரதி வாங்கிவிட்டால் உடனே சொல்லிவிடுங்கள். யாருக்காவது அது தேவைப்படும், இல்லையென்றால் ஒரு பாடசாலை நூலகத்துக்குக் கேட்டுவிட்டுக் கொடுக்கலாம்.

நான் தேடித் திரிந்த கவிதைத் தொகுதியும் அப்படித்தான் வந்தது. தெஹிவளை நண்பரிடம் அதை இரவல் வாங்கி வாசித்து, தலைப்பும் பெயரும் வருஷமும் எழுதி, "எங்கேயாவது கண்டால் சொல்லுங்கள்" என்று குழுவில் போட்டேன். நாலு மாதத்துக்குப் பிறகு, கொட்டாஞ்சேனையில் இருக்கும் ஒரு ரீச்சர் அந்தச் செய்திக்கே பதில் எழுதினார்: "என்னட்ட ரெண்டு இருக்கு தம்பி. விழாவில ஒண்டு வாங்கினன், பிறகு மறந்துபோய்க் கடையிலயும் ஒண்டு வாங்கிட்டன். போயாவுக்குக் கொண்டு வாறன்."